தாழ்த்திய ஸெனான் பிக்கப், புளியரை மலைப்பாதை: சஸ்பென்ஷனை வீட்டிலேயே சரிசெய்யலாமா?

செங்கோட்டைத் தோட்டம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது டாடா ஸெனான் எக்ஸ்டி, டபுள் கேபின், 2011 மாடல். கொல்லம் பக்கம் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக எடுத்தேன். அவர் வண்டியை நன்றாகவே தாழ்த்தி வைத்திருந்தார். முன்னால் டார்ஷன் பார் (முறுகி நின்று முன்பக்கத்தைத் தாங்குகிற ஸ்பிரிங் கம்பி) போல்ட்டைத் தளர்த்தி இறக்கியிருக்கிறார். பின்னால் ஸ்பிரிங் பட்டைகளின் வளைவைத் தட்டி நிமிர்த்தி, லோடு ஏறினால் மட்டும் தாங்குகிற உதவிப் பட்டையையும் கழற்றிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஓட்டத்தான் முடியவில்லை.

சொந்தத் தோட்டத்து ஏத்தன் வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டு புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூரில் கொண்டு இறக்குவேன். ஓணம் நெருங்கும்போது போக்குவரத்து அதிகம். லோடு 600, 700 கிலோ இருக்கும். அந்த லோடோடு வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்னால் டம் என்று இரும்பு அடிக்கிற மாதிரி சத்தம். ஸ்டியரிங்கிலேயே அந்த அடி தெரியும். பின்பக்கம் உட்கார்ந்தபடியேதான் வரும். முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் தேய்ந்து நூல் தெரிய ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்று, இதற்கும் சஸ்பென்ஷனுக்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. சாரல் நேரத்தில் காலி வண்டியோடு திரும்பும்போது, புளியரை எஸ் வளைவு இறக்கத்தில் பிரேக் மிதித்தால் பின்பக்கம் லேசாக வழுக்கி வெளியே போகிறது. பின் டயர் புதுசு. அதனால்தான் குழப்பம்.

வீட்டில் சிமெண்ட் தரை போட்ட ஷெட் இருக்கிறது. ஜாக்கி, ஸ்டாண்ட், ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்சு எல்லாம் உண்டு. டிராக்டர் வேலை நானே செய்து பழக்கம். நல்ல விறைப்பான கேஸ் ஷாக் நாலு வாங்கி மாட்டினால் இது சரியாகிவிடுமா? வண்டியை முழுக்கப் பழைய உயரத்துக்கு ஏற்றவும் மனசில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. இப்போது இருக்கிற உயரத்தில்தான் யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்காருகிறார்கள்.

பாவூர்சத்திரம் டிரைவர்

தம்பி, நான் காய்கறி லோடு ஓட்டுகிறவன். இதே பாதைதான். ஷாக் மாற்றுங்கள், தெரிந்த கம்பெனி கேஸ் ஷாக்காகப் பார்த்து வாங்குங்கள். பின்னால் பழைய லாரிப் பட்டை ஒன்றோ இரண்டோ அளவுக்கு வெட்டிச் சேர்த்துவிட்டால் லோடு உட்காராது. எங்கள் மார்க்கெட்டில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது. முன்னால் டார்ஷன் போல்ட்டை இறுக்கிவிட்டால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும், சத்தம் நின்றுவிடும். அரை நாள் வேலை.

ஆரியங்காவு பட்டறை

தம்பி, ஷாக் வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தால் இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். பாவூர்சத்திரம் அண்ணாச்சி நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் உங்கள் வண்டிக் கோளாறு வேறு.

எனக்கு ஆரியங்காவில் பட்டறை. எஸ்டேட் ஜீப், ரப்பர் ஷீட் ஏற்றும் பிக்கப், சபரிமலை சீசனில் வழியில் நின்றுபோகும் வேன் என்று அடிப்பக்க வேலைதான் எனக்கு அதிகம் வரும். தாழ்த்திய வண்டி கொண்டுவருகிற பையன்கள் எல்லோரும் முதலில் ஷாக்கைத்தான் குறை சொல்வார்கள். கழற்றிப் பார்த்தால் பல நேரம் ஷாக் நன்றாகவே இருக்கும். சக்கரம் மேலே எழும்ப இடம்தான் இருக்காது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

பள்ளத்திலோ மேட்டிலோ சக்கரம் ஏறும்போது ஸ்பிரிங் அந்த அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத் தூரம் வேண்டும். கம்பெனி உயரத்தில் அந்தத் தூரம் இருக்கிறது. வண்டியை 60 மில்லிமீட்டர் இறக்கினால், அந்த 60-ம் மேலே எழும்ப வேண்டிய கணக்கிலிருந்துதான் கழிகிறது. மிச்சம் இருக்கிற விரற்கடை இடம் தீர்ந்ததும் சக்கரத்தைத் தாங்குகிற ஆர்ம் போய் பம்ப் ஸ்டாப் ரப்பரில், அதாவது கடைசித் தடுப்பு ரப்பரில், முட்டுகிறது. அதற்கப்புறம் உங்கள் வண்டியின் ஸ்பிரிங் அந்த ரப்பர் துண்டுதான். அது நைந்து போயிருந்தால் இரும்போடு இரும்பு. நீங்கள் கேட்கிற டம் அதுதான். நாலு புது ஷாக் போட்டாலும் அந்த இடம் ஒரு மில்லிமீட்டர் கூடாது. ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. வண்டியைத் தூக்கிப் பிடிப்பதோ இடம் உண்டாக்குவதோ அதன் வேலையில்லை. இறக்கின வண்டியில் கம்பெனி நீள ஷாக்கைப் போட்டால், அது பாதி அமுங்கின நிலையிலேயே நிற்கும். பெரிய பள்ளத்தில் பிஸ்டன் அடியில் போய் இடித்து, புது ஷாக்கும் சீக்கிரம் ஒழுக ஆரம்பிக்கும்.

டார்ஷன் போல்ட்டை இறுக்கினால் விறைப்பு கூடும் என்பதும் எல்லா இடத்திலும் சொல்கிற பேச்சு. கம்பியின் விறைப்பை அதன் தடிமனும் நீளமும் எஃகும்தான் தீர்மானிக்கும். தடிமன் 10 சதவீதம் கூடினால் விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடும், அவ்வளவு வித்தியாசம் வரும். போல்ட் செய்வது அந்தக் கம்பியின் தொடக்க நிலையைத் திருப்பி வைப்பது மட்டும். உயரம் மாறும், கம்பி அதே கம்பி. அளவுக்கு மீறி இறுக்கினவர்கள் வண்டி கட்டையாகிவிட்டது என்பார்கள். சக்கரம் கீழே தொங்க இடமில்லாமல் போயிருக்கும், அதைத்தான் விறைப்பு என்று நினைக்கிறார்கள்.

அதனால் முதலில் அளங்கள். ஒரு பைசா செலவில்லை.

சமமான தரையில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரியாக அடித்து, நாலு மூலையையும் அமுக்கி விட்டு, சக்கர மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானம் கணக்கைக் குழப்பிவிடும். அப்புறம் தென்காசிப் பக்கம் தாழ்த்தாத ஸெனான் ஒன்றைப் பிடித்து அதே அளவை எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம்தான் உங்கள் வண்டி இறங்கின அளவு.

அடுத்தது, பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது போய் முட்டுகிற இரும்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். நாலு பக்கமும். பின்னால் காலியாக ஒருமுறை, தார் ஏற்றி ஒருமுறை.

மூன்றாவது கொஞ்சம் விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் இதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது. அந்த ரப்பரின் நுனியில் எலுமிச்சை அளவு புட்டியையோ களிமண்ணையோ அப்பிவிட்டு, வழக்கமாகப் போகிற வேகத்தில் புளியரை வரை ஒரு நடை போய் வாருங்கள். திரும்பி வந்து குனிந்து பார்த்தால் அது எவ்வளவு நசுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் அதிகம் என்பது தெரியும். ஷாக் தண்டு வெளியே தெரிகிற மாடலாக இருந்தால் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, அடியோடு தள்ளி வையுங்கள். ஷாக் எதுவரை அமுங்கியதோ அதுவரை டை நகர்ந்து நிற்கும்.

பிறகு பின் அச்சுக்குப் பக்கத்தில், அச்சிலிருந்து மேலே சேஸிஸில் இருக்கிற ஒரு வால்வுக்குச் சின்னக் கம்பி ஒன்று போகிறதா பாருங்கள். மழையில் பின்பக்கம் வழுக்குவதற்கான காரணம் அங்கே இருக்கும் என்று என் மனசு சொல்கிறது. பட்டை நடுவிலும் நுனியிலும் ஒரே தடிமனா என்பதையும் எழுதுங்கள்.

வண்டிக்கு அடியில் போகும்போது சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஸ்டாண்டில் சேஸிஸை உட்கார வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிஷம்கூட உள்ளே தலை விடக்கூடாது.

செங்கோட்டைத் தோட்டம்

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

தாழ்த்தாத ஸெனான் பக்கத்துத் தெருவிலேயே ஒன்று இருந்தது. அதோடு ஒப்பிட்டால் என் வண்டி முன்னால் 58 மிமீ கீழே, பின்னால் காலியாக 70 மிமீ கீழே. முன் பம்ப் ஸ்டாப்பில் இடைவெளி இடது 11 மிமீ, வலது 16 மிமீ. பின்னால் காலியாக 38. தார் ஏற்றினால் ரப்பர் அச்சைத் தொட்டுக்கொண்டே நிற்கிறது.

புட்டியைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. முன்னால் இரண்டு பக்கமும் அப்பளம் மாதிரி தட்டையாகி, இடது பக்கத்தில் நடுவில் புட்டியே இல்லை, ரப்பரும் பிளந்து உள்ளே இரும்புத் தகடு தெரிகிறது. அந்த இரும்பு பட்ட இடம் ஆர்மில் பளபளவென்று இருக்கிறது.

நீங்கள் சொன்ன கம்பியும் இருக்கிறது. அச்சிலிருந்து ஒரு வளைந்த கம்பி மேலே போய் வால்வில் சேர்கிறது. பிரேக் பைப்புகள் அந்த வால்வுக்குள் போய் வருகின்றன. பட்டை நடுவில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலிகிறது. பட்டைகள் நடுவிலும் நுனியிலும் மட்டும்தான் ஒன்றையொன்று தொடுகின்றன, இடையில் சந்து இருக்கிறது. பட்டைமேல் நீலம் பாய்ந்த மாதிரி நிறம் ஒரு சாண் நீளத்துக்கு இருக்கிறது.

புனலூர் ரோடு

அண்ணாச்சி பேசுகிற விஷயத்தில் நான் குறுக்கிடவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும், வண்டி வாங்கி விற்கிற தொழிலில் இருப்பதால் சொல்கிறேன்.

இந்த வண்டி தினம் மாநில எல்லையைத் தாண்டுகிற வண்டி. ஆரியங்காவு செக்போஸ்ட்டில் நிற்க வேண்டியிருக்கும். கேரளாவில் மோட்டார் வாகனத் துறை மாற்றியமைத்த வண்டிகளை விட்டுவைப்பதில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 என்ன சொல்கிறது என்றால், பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்ன வழக்கே கேரளாவிலிருந்து போனதுதான். அதே 2019-ல் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அதன்படி உரிமையாளர் அனுமதியில்லாமல் செய்கிற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் இருந்தவர் செய்தது என்று சொல்லித் தப்ப முடியாது, ஆர்சி யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள்.

அதனால் லாரிப் பட்டையை வெட்டிச் சேர்ப்பது, சேஸிஸில் வெல்டிங் வைப்பது இதெல்லாம் வேண்டாம் தம்பி. கம்பெனி உதிரிபாகமாக வாங்கி, பில்லை டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். கொல்லத்து வண்டி என்கிறீர்கள், தமிழ்நாட்டுப் பதிவுக்கு இன்னும் மாற்றவில்லை என்றால் 12 மாதத்துக்குமேல் இழுக்காதீர்கள்.

ஆரியங்காவு பட்டறை

புனலூர் ரோடு சொன்னது ரொம்பச் சரி. என் யோசனையும் அந்தப் பக்கம்தான் போகிறது.

தம்பி, அளந்து எழுதினதற்கு நன்றி. இவ்வளவு தெளிவாக எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் அந்த நீல நிறம். பட்டையை நெருப்பில் காய்ச்சித் தட்டியிருக்கிறார்கள். ஸ்பிரிங் எஃகைச் சூடேற்றி, எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி அளவான சூட்டில் பதம் வைத்துத்தான் அந்த வளைந்து மீள்கிற குணம் வருகிறது. கேஸ் கட்டரை வைத்துக் காய்ச்சி நிமிர்த்தினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். திரும்ப வளைத்துக் கொடுத்தாலும் கொஞ்ச நாளில் மறுபடி உட்காரும், இல்லையென்றால் அந்த நிறம் மாறின இடத்திலேயே விரிசல் விடும். 700 கிலோவோடு மலை இறங்கும்போது பட்டை முறிந்தால் அச்சே ஒரு பக்கம் பின்னால் நகரும். அதனால் அந்தப் பட்டையைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். பழைய இரும்புக்குப் போடுங்கள்.

நடுவில் தடித்து நுனிக்கு மெலிகிற பட்டைக்குப் பாரபாலிக் என்று பேர். சாதாரணப் பட்டைக்கட்டு மாதிரி ஒன்றோடொன்று முழுக்க உரசாது, அதனால்தான் சின்னப் பள்ளத்தில்கூட மென்மையாக வேலை செய்யும். அதற்கு நடுவில் லாரிப் பட்டையை வெட்டிச் சொருகினால் சந்து அடைபட்டு, எங்கே தொடக்கூடாதோ அங்கே தொட்டு, அந்த இடத்திலேயே முறிக்கும். இடது வலது ஜோடியாகப் புதுசு, உதவிப் பட்டையோடு சேர்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும்.

பின்பக்கத்தைக் கம்பெனி உயரத்திலேயே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் தீர்மானம். ஸெனானில் பட்டை அச்சுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் பிளாக் வைத்தால் வண்டி ஏறும், இறங்காது. இறக்க வேண்டுமானால் அச்சைப் பட்டைக்கு மேலே தூக்கிப் போட வேண்டும். அது ஒரேயடியாக இறங்கிவிடும், சேஸிஸை வெட்ட வேண்டி வரும், பின் அச்சைச் சுழற்றுகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும். லோடு வண்டிக்கு அது ஆகாது. தார் ஏற்றினால் பின்பக்கம் எப்படியும் அமர்ந்து மட்டத்துக்கு வந்துவிடும்.

அம்மா ஏறுவது முன் கதவு வழியாகத்தானே? முன்பக்கத்தை மட்டும் கம்பெனி அளவிலிருந்து 25 மிமீ தாழ வையுங்கள். இப்போது 58 இருப்பதை 25 ஆக்கினால் சக்கரத்தில் 33 மிமீ உயரும். பம்ப் ஸ்டாப் ஆர்மின் உள்பக்கத்தில் இருப்பதால் அங்கே இடைவெளி அதில் ஏறத்தாழ பாதிதான் கூடும். ஆனாலும் 11 இருந்த இடத்தில் 27, 28 வரும். இந்த ரோட்டுக்கு அது போதும். அதற்குமேல் அம்மாவுக்குச் சிரமம் இருந்தால் கதவுக்குக் கீழே நல்ல அகலமான படி ஒன்று மாட்டிக்கொடுங்கள். முழங்காலுக்கு அந்தப் படி செய்கிற உதவியை வண்டியை இறக்கிச் செய்ய முடியாது.

இனி வேலை.

முன்பக்கம் தொடங்குவதற்கு முந்தின நாள் ராத்திரியே டார்ஷன் போல்ட் திரட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்குகிற எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். கொல்லத்துக் கடற்காற்றில் கிடந்த வண்டி, துரு நிச்சயம் இருக்கும். போல்ட் இப்போது இருக்கிற நிலையைப் பெயிண்டால் குறித்து வையுங்கள். சேஸிஸை ஸ்டாண்டில் ஏற்றி, முன் சக்கரம் இரண்டும் தொங்கின பிறகுதான் போல்ட்டைத் திருப்ப வேண்டும். தரையில் பாரத்தோடு நிற்கும்போது திருப்பினால் திரடு உரிந்துவிடும். இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக. இறக்கினதும் அளக்காதீர்கள். ஜாக்கியிலிருந்து இறக்கின வண்டியில் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு உயரமாகவே நிற்கும். முன்னே பின்னே நாலு கஜம் உருட்டி, அமுக்கிவிட்டு அளங்கள். இடது பக்கம் 5 மிமீ குறைவாக இருப்பதால் அந்தப் போல்ட்டுக்குத் திருப்பு கூடுதலாக வேண்டியிருக்கும். திருப்பு எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டியதில்லை, உயரம் சமமாக இருந்தால் போதும்.

பிளந்த பம்ப் ஸ்டாப்பை நாலு பக்கமும் புதுசாக மாற்றுங்கள். தாழ்த்துகிறவர்கள் அதை வெட்டிக் குட்டையாக்குவார்கள், சிலர் எடுத்தே போட்டுவிடுவார்கள். உங்களுக்கு அது தேவைப்படாது. முழு உயர ரப்பர்தான் வேண்டும். இடது ஆர்மில் பளபளக்கிற இடத்தைச் சுத்தம் செய்து, விரிசல் இருக்கிறதா என்று விளக்கு அடித்து நன்றாகப் பாருங்கள். மயிரிழை தெரிந்தாலும் ஆர்மை மாற்ற வேண்டியதுதான்.

பின்பக்கம் பட்டை மாற்றும்போது சேஸிஸைத் தனியாக ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சைத் தனியாக ஜாக்கியில் தாங்கிக்கொள்ளுங்கள். அச்சு பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. பட்டையை அச்சோடு பிடிக்கிற யூ போல்ட் புதுசுதான் போட வேண்டும், பழசு ஒருமுறை இறுகி நீண்டிருக்கும். சென்டர் போல்ட்டின் தலை அச்சு மேடையில் உள்ள குழிக்குள் சரியாக உட்கார்ந்ததை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நாலு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். பட்டையின் இரண்டு முனையிலும் உள்ள புஷ் போல்ட்டை மட்டும் கடைசியில், வண்டி தன் பாரத்தோடு சக்கரத்தில் நிற்கும்போது இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கிவிட்டால் வண்டி இறங்கினதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். முதல் லோடு போய் வந்த பிறகு யூ போல்ட்டை டார்க் ரெஞ்சு வைத்து மறுபடி பாருங்கள்.

இப்போதுதான் ஷாக். உயரம் சரியானதால் கம்பெனி நீள ஷாக்கே போதும், தாழ்த்திய வண்டிக்கென்று விற்கிற குட்டை ஷாக் தேவையில்லை. சாதாரண ஷாக்கைவிடக் கேஸ் அடைத்தது நல்லது. நீண்ட மலைப்பாதையில் ஷாக் எண்ணெய் சூடாகி நுரைத்துப் பிடிப்பு விட்டுவிடும், கேஸ் அழுத்தம் அந்த நுரையைத் தடுக்கும். கையில் காசு இருந்தால் ஒற்றைக் குழாய் ஷாக் பாருங்கள். எண்ணெய் இருக்கிற குழாயே வெளிக்காற்றில் படுவதால் சூடு சீக்கிரம் இறங்கும். இரட்டைக் குழாய் ஷாக் வாங்கினால் மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து முழுக்க அமுக்கி, முழுக்க இழுத்து, நாலைந்து தடவை செய்யுங்கள். கடையில் படுக்க வைத்திருந்ததால் உள்ளே காற்று ஏறியிருக்கும். முன் ஷாக்கின் மேல் நட்டை, ரப்பர் அதன்மேல் உள்ள வாஷர் அளவுக்கு விரியும் வரைதான் இறுக்க வேண்டும். பிதுங்கினால் அதிகம்.

இனி நீங்கள் சம்பந்தமில்லை என்று நினைத்த விஷயம். அந்தக் கம்பி போகிற வால்வு, லோடுக்குத் தகுந்தபடி பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு. வண்டி காலியாக இருந்தால் பின்பக்கம் இலேசு, பிரேக் குறைவாகக் கொடுக்க வேண்டும். லோடு ஏறி வண்டி அமர்ந்தால் அதிகமாகக் கொடுக்க வேண்டும். அச்சுக்கும் சேஸிஸுக்கும் உள்ள தூரத்தை வைத்துத்தான் அது லோடைத் தெரிந்துகொள்கிறது. உங்கள் வண்டி 70 மிமீ இறங்கி நிற்பதால், காலியாக வரும்போதும் முழு லோடு இருக்கிறது என்று அந்த வால்வு நினைத்து, பின் சக்கரத்துக்கு முழு அழுத்தத்தையும் கொடுக்கிறது. ஈர ரோட்டில் இலேசான பின்பக்கம் அப்படியே பூட்டிக்கொள்கிறது. புது டயர் என்ன செய்யும்? வண்டியைத் தாழ்த்துகிற பட்டறைகளில் இந்த வால்வை யாருமே திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். வளைவில் பின்பக்கம் வெளியே போனால் எதிரே வருகிறவனுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து. பட்டை மாற்றி உயரம் வந்ததும் கம்பி தன் நிலைக்கு வந்துவிடும். ஆனால் பழைய ஆள் கம்பியை வளைத்தோ துளை மாற்றியோ வைத்திருந்தால் அது போதாது. அந்த ஒரு வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள், பிரேக் வேலை தெரிந்தவரிடம் அளவுப்படி வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை சாரலில் காலி வண்டியோடு அந்த இறக்கத்தில் இறங்க வேண்டாம். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டாவது கியரில் மெதுவாக.

பாவூர்சத்திரம் டிரைவர்

வால்வு விஷயம் எனக்கும் புதுசு அண்ணாச்சி. என் வண்டியில் பட்டை சேர்த்து ஏற்றியிருக்கிறேன். அப்படியானால் எனக்கு அது தலைகீழாக இருக்குமா?

ஆரியங்காவு பட்டறை

ஆமாம் அண்ணாச்சி. உங்கள் வண்டியில் லோடு ஏறினாலும் பின்பக்கம் அமர்வதில்லை. வால்வு காலி வண்டி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்தே கொடுக்கும். நிறுத்துகிற வேலை முழுக்க முன் பிரேக் தலையில் விழும். முன் பேட் சீக்கிரம் தீர்கிறதா, மலை இறங்கினதும் முன் சக்கரத்தில் கருகின வாடை வருகிறதா என்று பாருங்கள். அந்த வால்வு உங்கள் வண்டியில் இருந்தால் கட்டாயம் காட்டிவிடுங்கள்.

செங்கோட்டைத் தோட்டம்

அண்ணாச்சி, பட்டைக்குச் சொல்லிவிட்டேன், பம்ப் ஸ்டாப் தென்காசியிலேயே கிடைத்தது. ஆர்மில் விரிசல் இல்லை. இரண்டு சந்தேகம். இடது டார்ஷன் போல்ட் இன்னும் கொஞ்சம் திருப்பினால் திரடு முடிந்துவிடும் போலிருக்கிறது. அப்போது கம்பியைக் கழற்றி இடது வலது மாற்றிப் போட்டால் உயரம் சமமாகுமா? அலைன்மென்ட் எப்போது பார்க்க வேண்டும்?

ஆரியங்காவு பட்டறை

மாற்றிப் போடவே கூடாது தம்பி. டார்ஷன் பாரைச் செய்யும்போதே ஒரு திசையில் முறுக்கிப் பழக்கி வைக்கிறார்கள். இடது கம்பி இடதுக்குத்தான். முனையில் இடது வலது அடையாளம் இருக்கும். எதிர்த்திசையில் முறுக்கினால் சீக்கிரம் உட்காரும், முறிந்தாலும் முறியும்.

திரடு முடிகிறது என்றால் பழைய ஆள் கம்பியின் பல்லை ஒன்றிரண்டு தள்ளி மாட்டியிருக்கிறார் என்று அர்த்தம். கம்பியின் முறுக்கை முழுக்க விடுவித்து, கம்பியின் நுனியைப் பிடித்திருக்கிற ஆங்கர் ஆர்மை வெளியே எடுத்து, ஒரு பல் நகர்த்தி மாட்ட வேண்டும். அதை விடுவிக்க அதற்கான புல்லர் என்கிற கருவி வேண்டும். போல்ட்டை முழுக்கக் கழற்றி ஆர்மைத் தட்டி எடுக்கிற வேலை செய்தால் அது தெறித்துக் கை எலும்பை உடைக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வண்டியை இங்கே கொண்டு வாருங்கள், புல்லர் என்னிடம் இருக்கிறது. மற்றதெல்லாம் நீங்களே வீட்டில் முடித்துவிட்டு வரலாம்.

அலைன்மென்ட் எல்லாம் முடிந்து, லோடோடு ஒரு நடை போய் பட்டையும் புஷ்ஷும் உட்கார்ந்த பிறகு. டயர் உள்பக்கம் தேய்ந்ததற்குச் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்தது (கேம்பர்) ஒரு காரணம், மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு (டோ) மாறினது அதைவிடப் பெரிய காரணம். உயரம் மாறும் ஒவ்வொரு தடவையும் இரண்டும் மாறும். கேம்பர், டோ இரண்டையும் பார்க்கிற இடமாகப் பாருங்கள், டோ மட்டும் வைத்து அனுப்புகிற இடம் வேண்டாம். நூல் தெரிகிற டயரோடு அலைன்மென்ட் பார்ப்பது வீண் செலவு. முன் டயர் இரண்டையும் மாற்றிவிட்டே போங்கள். ஹெட்லைட்டும் இப்போதைய உயரத்துக்குத் திருகி வைத்ததாக இருக்கும், முன்னும் பின்னும் உயரம் மாறினதும் வெளிச்சம் விழுகிற இடமும் மாறிவிடும். அதையும் அன்றைக்கே சரிபார்த்து வைத்துவிடுங்கள்.

வருகிற அன்று காலியாக வாருங்கள், தார் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். வால்வையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.